படுக்கையறையில் செடி வைக்கலாமா, கூடாதா?

புதுவீட்டுக்காரன்:
மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருக்கிறோம். படுக்கையறை பத்துக்குப் பத்து. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. மனைவி நர்சரியில் இருந்து இரண்டு ஸ்நேக் பிளான்ட் தொட்டியும், பாட்டிலில் போட்டு வைக்க மணி பிளான்ட் கொடியும் வாங்கி வந்தார். "ராத்திரியும் ஆக்சிஜன் விடும் செடி" என்று நர்சரிக்காரர் சொன்னாராம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பார்த்துவிட்டு, "படுக்கிற இடத்தில் செடியா? ராத்திரி நம்ம மூச்சை அது இழுத்துக்கும்" என்று தூக்கிப் பால்கனியில் வைத்துவிட்டார். காலையில் மனைவி உள்ளே வைக்கிறார், பொழுது சாய்ந்ததும் அம்மா வெளியே வைக்கிறார். நடுவில் நான். யார் சொல்வது சரி? பையனுக்கு ஆறு வயது, மழைக்காலத்தில் வீசிங் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடித்தோட்டம்:
நான் உங்கள் மனைவி பக்கம். நாசாவே சோதித்துப் பார்த்த விஷயம் இது. 1989-இல் வுல்வர்டன் என்ற விஞ்ஞானி, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎத்திலீன் என்ற மூன்று நச்சு வாயுக்களையும் செடிகள் காற்றிலிருந்து குறைக்கின்றன என்று அறிக்கை கொடுத்தார். ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி எல்லாம் அதில் இருக்கின்றன. புது வீடு என்கிறீர்கள். பெயின்ட், பிளைவுட் அலமாரி, கட்டிலை ஒட்டிய பசை என்று எல்லாமே ஏதாவது ஒரு வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும். டெல்லியில் கமல் மீட்டல் என்பவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 300 பேருக்கு 1,200 செடிகள் வைத்ததைப் பற்றி 2009-இல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் பேசினார். அரிக்கா பாம், ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், இந்த மூன்றே போதும் என்றார். படுக்கையறைக்கு அவர் சொன்னதே ஸ்நேக் பிளான்ட்தான். தைரியமாக உள்ளே வையுங்கள்.

பாட்டனி வாத்தியார்:
கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தம்பி, உங்கள் அம்மாவும் நர்சரிக்காரரும் ஆளுக்குப் பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

முதலில் அம்மா. இருட்டில் செடி சுவாசிக்கும், கார்பன் டை ஆக்சைடு விடும் என்பது உண்மை. இங்கன்ஹௌஸ் என்ற டச்சுக்காரர் 1779-லேயே அதை எழுதிவிட்டார். வெயிலில் செடி காற்றை நல்லதாக்கும், இரவில் கெடுக்கும் என்று புத்தகத் தலைப்பிலேயே போட்டார். புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கு நம் பள்ளிகளில் சொல்லும் விளக்கமும் இதுதான். ஆனால் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. தூங்கும் மனிதர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு, அதாவது விரித்த செய்தித்தாள் இரண்டு மூன்று சேர்ந்த அளவு, இருட்டில் விடுவது அதில் நூறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். உங்கள் இரண்டு தொட்டியில் அவ்வளவு இலைகூடக் கிடையாது. செடிக்குப் பயந்து வெளியே வைப்பதென்றால், முதலில் வெளியே போக வேண்டியது நீங்கள்தான்.

இப்போது நர்சரிக்காரர். ஸ்நேக் பிளான்ட், கற்றாழை போன்றவை வறண்ட நிலத்துக்காரர்கள். பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்று மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து மாலிக் அமிலமாகச் சேமித்து வைக்கும். பகல் வெளிச்சம் வந்ததும் அதைப் பிரித்துச் சர்க்கரை செய்யும். ஆக்சிஜன் உண்டாவது அந்த வெளிச்ச வேலையில்தான். இருட்டில் எந்தச் செடியும் ஆக்சிஜன் தயாரிக்காது. "இரவில் கார்பன் டை ஆக்சைடு இழுக்கும்" என்பதை யாரோ "இரவில் ஆக்சிஜன் விடும்" என்று மாற்றிவிட்டார்கள். துளசிக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள். துளசிக்கு அந்த ராத்திரி இழுக்கும் வேலைகூடக் கிடையாது.

குளிரூட்டி:
ஏசி, காற்றோட்டம் அமைக்கும் தொழிலில் இருக்கிறேன். மாடித்தோட்டம் அக்கா நாசாவை இழுத்ததால் ஒரு வார்த்தை. அந்தச் சோதனை வீட்டில் நடக்கவில்லை. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, வாயுவைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். விண்வெளி நிலையம் போல அடைத்த இடத்துக்காகச் செய்தது. உங்கள் வீட்டில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு என்று காற்று போய் வந்துகொண்டே இருக்கிறது. செடி செய்வதைவிட அந்த இடுக்கு அதிகம் செய்கிறது. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 12 ஆய்வுகளில் இருந்த 196 சோதனை முடிவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று வந்தது. பத்துக்குப் பத்து அறை என்பது 9 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குறைந்த கணக்கே 90 தொட்டியைத் தாண்டும். கட்டிலை எங்கே போடுவது?

மாடித்தோட்டம்:
நான் ஒன்றும் செடி ஏர் பியூரிஃபயருக்குச் சமம் என்று சொல்லவில்லையே. மீட்டல் செய்து காட்டியதை என்ன சொல்வீர்கள்?

குளிரூட்டி:
அதே பேச்சில் படுக்கையறைக்கு அவர் சொன்ன கணக்கு, ஓர் ஆளுக்கு இடுப்புயர ஸ்நேக் பிளான்ட் ஆறு முதல் எட்டு. புருஷன் பெண்டாட்டிக்கு 12 முதல் 16, பையனையும் சேர்த்தால் 18 முதல் 24. அவரை ஆதாரமாகக் காட்டிவிட்டு இரண்டு தொட்டி வாங்கி வைப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் என்று நம் ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். கொண்டுவராது, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். வெளியே கார்பன் டை ஆக்சைடு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) சொச்சம். கதவை அடைத்து ஏசி போட்டு இரண்டு மூன்று பேர் தூங்கும் அறையில் விடிவதற்குள் 2,000-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். காலையில் தலை கனமாக இருக்கிறது என்பவர்கள் பலர் அந்தக் காற்றில்தான் படுத்து எழுகிறார்கள். அதற்குச் செடி மருந்தில்லை. கதவை நான்கு விரற்கடை திறந்து வையுங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
வாயுவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மனுஷன் ரசாயனக் கூடத்திலா தூங்குகிறான்? எனக்கு வேலை முடிந்து வரும்போது விடிந்திருக்கும். திரையை இழுத்துவிட்டுப் படுப்பதற்கு முன்னால் மணி பிளான்ட்டின் புது இலை சுருள் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன், இலையில் தூசி இருந்தால் ஈரத்துணியால் துடைப்பேன். ஸ்கிரீனை விட்டுக் கண்ணும் கையும் வேறொன்றுக்குப் போகும் நேரம் எனக்கு அது ஒன்றுதான். 1984-லேயே ரோஜர் உல்ரிச் என்பவர் சயன்ஸ் இதழில் எழுதினார்: பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். புதுவீட்டுக்காரர் ஜன்னலிலும் சுவர்தானே தெரிகிறது? பச்சையை உள்ளே கொண்டுவந்தால் என்ன தப்பு?

குளிரூட்டி:
அது வெளியே நின்ற மரம் ஐயா, கட்டிலடித் தொட்டி இல்லை. அதுவும் 46 பேர்தான். அதை வைத்துக்கொண்டு தூக்கம் வரும், பிபி குறையும் என்று இழுக்காதீர்கள்.

ராத்திரி ஷிப்ட்:
பிபி என்று நான் எங்கே சொன்னேன்? பார்க்க நன்றாக இருக்கிறது, மனசுக்கு இதமாக இருக்கிறது. சுவரில் படம் மாட்டுகிறவரிடம் யாராவது ஆய்வறிக்கை கேட்கிறோமா?

கொசுவேட்டை:
இவ்வளவு நேரம் எல்லாரும் ஆக்சிஜன் பேசிவிட்டீர்கள், நான் தண்ணீரைப் பேசுகிறேன். ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். டெங்கு சீசனில் வீடு வீடாகப் போகும்போது எங்கள் பணியாளர்கள் முதலில் பார்ப்பது டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு. அப்புறம் மணி பிளான்ட் பாட்டில். "அது நல்ல தண்ணீர் சார், குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம்" என்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். பாட்டில் கழுத்தில் டார்ச் அடித்தால், மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் நெளிந்து நெளிந்து வேருக்குள் இறங்கும். அதை வீட்டுக்காரருக்குக் காட்டினால் முகமே மாறிவிடும். முட்டை கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாள் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். இது பகலில் கடிக்கும் கொசு. படுக்கையறையில் மதியம் தூங்கும் குழந்தை அதற்கு வசதி.

வீசிங் இருக்கும் பையன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் தொட்டி மண்ணில் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படரும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். அந்தப் பையன் தூங்கும் அறை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஹாலில் வையுங்கள், யார் தடுத்தது?

மாடித்தோட்டம்:
பாட்டில் விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் அது செடியின் குற்றமா, தண்ணீர் மாற்றாதவர் குற்றமா? ஸ்நேக் பிளான்ட்டுக்கு மண் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். ஏசி அறையில் இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்கும். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் விடாதீர்கள். மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணலோ பெர்லைட்டோ கலந்தால் பூஞ்சைக்கு வேலையே இல்லை. அந்தச் செடியைக் கொல்ல ஒரே வழி தினம் தண்ணீர் ஊற்றுவது. நம் காடுகளில் தானாக வளரும் மருள் இதன் தங்கச்சிதான், அதற்கு யார் தண்ணீர் விட்டார்கள்?

கொசுவேட்டை:
எல்லாரும் உங்களைப் போல விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் எங்களுக்கு ஏன் இவ்வளவு வேலை? நான் பார்ப்பது சராசரி வீட்டை. ஊருக்குப் பத்து நாள் போய்விட்டு வரும் வீட்டை.

பாட்டனி வாத்தியார்:
சண்டை நடுவே ஒன்று விட்டுப்போகிறது. மணி பிளான்ட், வீட்டுக்குள் வைக்கும் டிஃபன்பேக்கியா என்ற அழகுச்செடி இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும். ஆறு வயதுப் பையன் கடிக்க மாட்டான், தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் கைக்கெட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும். மற்றபடி, அம்மாவிடம் வாயுக் கணக்குப் பேசி ஜெயிக்க நினைக்காதீர்கள்.

புதுவீட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இருவரிடமும் படித்துக் காட்டினேன். 90 தொட்டிக் கணக்கைக் கேட்டு மனைவிக்குக் குளிரூட்டி மேல் கோபம். ஆனாலும் செடி அழகாக இருக்கிறது, அதற்கு நாசா எதற்கு என்கிறார். கொசுப்புழுவைக் கேட்டதும் அம்மா மணி பிளான்ட் பாட்டிலைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டார். கொடியைத் தொட்டி மண்ணில் நட்டுப் பால்கனிக்கு அனுப்பியாயிற்று. பையன் எங்களோடுதான் படுக்கிறான் என்பதால் ஒரே ஒரு ஸ்நேக் பிளான்ட், அடித்தட்டு இல்லாமல், ஜன்னலோரம். தண்ணீர் ஊற்றும் வேலை பால்கனியிலேயே. இன்னொன்று ஹாலுக்கு.

இதில் ஒரு சிக்கல். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்று குளிரூட்டி சொன்னதைச் சொன்னதும், "திறந்தா கொசு வராதா?" என்கிறார் அம்மா.

குளிரூட்டி:
நான் சொன்னது கதவை. ஹால் பக்கம் திறங்கள்.

கொசுவேட்டை:
ஜன்னலையும் திறக்கலாம், வலை அடித்துவிட்டுத் திறங்கள். வெல்க்ரோ ஒட்டும் வலை போதும், ஜன்னலை அளந்து எடுத்துக்கொண்டு போனால் கடையிலேயே வெட்டித் தைத்துத் தருவார்கள். நான்கு மூலையிலும் இடைவெளி விழாமல் ஒட்டுங்கள், முக்கால்வாசி வீட்டில் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.