முதல் லோலிதா உடை பொருந்தவில்லை: அளவு பார்ப்பது எப்படி, மற்றவற்றை எங்கே வாங்குவது?

நிஷிகசாய்_மல்லி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தோக்கியோவின் எதொகாவா வட்டத்தில், நம்மவர்கள் பலர் வாழும் நிஷிகசாயில் மூன்று ஆண்டுகளாக வசிக்கிறேன். வயது 29, மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். ஹராஜுகுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோலிதா என்னும் ஜப்பானியத் தெருப் பாணி உடை அணிந்த நான்கு பெண்களைப் பார்த்தேன். முழங்கால் வரை மணிபோல் விரிந்து நின்ற பாவாடையும், கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைச் சட்டையும், ஓரமெல்லாம் ஓடிய லேஸும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஓராண்டாகப் பணம் சேர்த்து, சென்ற மாதம் கைமாற்றுப் பொருள்கள் விற்கும் ஒரு செயலியில் 9,800 யென்னுக்கு ஒரு ஜம்பர் ஸ்கர்ட் (சட்டையின் மேல் அணியும் கையில்லாத உடை) வாங்கினேன்.

அந்த உடை எனக்குப் பொருந்தவில்லை. விற்பனைக் குறிப்பில் மிஹபா 42 என்றும் இடுப்பு 34 என்றும் இரண்டு எண்கள் மட்டுமே இருந்தன. என் மார்பளவு 36, இடுப்பளவு 31. ஊரில் தையற்காரர் எழுதித் தந்த அளவுகளை அப்படியே நினைவில் வைத்திருந்ததால், உடை சற்றுத் தளர்வாகவே இருக்கும் என்று நம்பினேன். வந்த உடையின் பக்க ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றத்தில் மேலே போட்டுப் பார்த்தபோது பாவாடையும் படத்தில் இருந்ததுபோல் விரியாமல் கால்களோடு ஒட்டித் தொங்கியது. பொட்டலம் வந்த அன்றே, பிரித்துப் பார்க்கும் முன்பே, பெற்றுக்கொண்டதாக மதிப்பீடும் அளித்துவிட்டேன்.

இந்த உடையை எப்படியாவது பொருந்தச் செய்ய முடியுமா? அளவுகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? சட்டை, தலை அணி, காலணி ஆகியவற்றுக்கு என் கையில் 40,000 யென் இருக்கிறது. எதை முதலில், எங்கே வாங்குவது?

ஒசாக்கா_அல்லி (பதில்)

வணக்கம் மல்லி. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த உடைகளை அணிகிறேன். தொடங்கிய காலத்தில் நானும் அழுதிருக்கிறேன், ஆகவே உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. விற்றவர் எழுதிய எண்கள் சரியானவை. அவை அங்குலம் அல்ல, சென்டிமீட்டர். அதுவும் சுற்றளவு அல்ல. உடையைத் தரையில் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை நாடாவை வைத்து எடுக்கும் அகலமே மிஹபா. இப்படி விரித்து அளப்பதை ஹிராஓகி என்பார்கள். ஆகவே 42ஐ இரட்டித்தால் 84 சென்டிமீட்டர் மார்புச் சுற்றளவு, 34ஐ இரட்டித்தால் 68 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவு. உங்கள் 36 அங்குலம் ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். 31 அங்குலம் ஏறத்தாழ 79. மார்பில் 7, இடுப்பில் 11 சென்டிமீட்டர் போதவில்லை என்பதால்தான் ஜிப் நின்றுவிட்டது.

இன்றே ஒரு நாடாவை எடுத்து உங்கள் மார்பு, இடுப்பு, தோள் அகலம், மேற்கைச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்கால் வரையிலான நீளம் ஆகிய ஐந்தையும் சென்டிமீட்டரில் எடுத்துக் கைபேசியில் எழுதிவையுங்கள். உள்ளே சட்டை அணிந்துதான் ஜம்பர் ஸ்கர்ட் போடப்படும் என்பதால், சட்டையின் மேலேயே அளந்தால் இன்னும் சரியாக இருக்கும்.

அடுத்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் ஷாரிங்கு. முதுகுப் பகுதித் துணியில் பல வரிசையாக எலாஸ்டிக் நூல் ஓட்டிச் சுருக்கியிருப்பார்கள்; ஒரே அளவில் தைக்கப்படும் உடை பலருக்குப் பொருந்துவது இதனால்தான். அத்தகைய உடைகளுக்கு மார்பு 84 முதல் 98 வரை என்பதுபோல் இரண்டு எல்லைகளைக் குறிப்பிடுவார்கள். மேல் எல்லை உங்கள் அளவைவிடக் குறைந்தது நான்கு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கும்படி பாருங்கள். எல்லை வரை இழுபட்ட எலாஸ்டிக் விரைவில் தளரும். முன்பக்க அச்சுப் படமும் இழுபட்டுக் கோணலாகத் தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய உடையானால் எலாஸ்டிக் நொய்ந்துபோயிருக்கலாம். ஷாரிங்கில் தளர்வு உண்டா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலோர் உண்மையையே சொல்வார்கள்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வெட்டும் முறை வேறுபடும். 1993இல் ஒசாக்காவில் தொடங்கிய மெட்டாமோர்ஃபோஸ் பெரிய உடலமைப்புக்கும் இடம் கொடுத்துத் தைக்கும். 1998இல் இதே ஊரில் தொடங்கிய இன்னசன்ட் வேர்ல்டில் பல வடிவங்கள் எல் அளவிலும் கிடைக்கும். மேரி மக்தலீன் உடைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறியவை, பலவற்றில் ஷாரிங்கும் இருக்காது. உங்கள் அளவுக்கு அந்தப் பெயரைத் தேடலிலிருந்தே நீக்கிவிடுங்கள். நான் ஒசாக்காக்காரி என்பதால் ஊர்ப்பற்றில் சொல்வதாக எண்ண வேண்டாம். என் மார்பளவு 95.

பெற்றுக்கொண்டதாக மதிப்பீடு அளித்தவுடன் பணம் விற்றவருக்குச் சென்று பரிமாற்றம் முடிந்துவிடும். ஆகவே இனிமேல் பொட்டலத்தைப் பிரித்து, வெளிச்சத்தில் கறை பார்த்து, ஜிப்பை ஏற்றி இறக்கி, இடுப்புப் பட்டையும் கழற்றக்கூடிய பூமுடிச்சுகளும் எண்ணிக்கையில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மதிப்பீடு கொடுங்கள்.

கவாசாகி_தாமரை (பதில்)

பாவாடை தொங்குவது உடையின் குறை அன்று. உள்ளே பனியே என்னும் விரிபாவாடை இல்லாமல் எந்த லோலிதா உடையும் அந்த வடிவத்துக்கு வராது. புடவைக்கு உள்பாவாடை எப்படியோ அப்படித்தான் இதற்குப் பனியே. இரண்டு வகைகள் உண்டு. மென்மையான ஆர்கன்சாவால் ஆனது அணிய இதமாக இருக்கும், ஆனால் கனமான பாவாடையின்கீழ் விரைவில் அமுங்கும். விறைப்பான வலைத்துணியால் ஆனது நன்றாகத் தாங்கும், ஆனால் தொடையை உரசும். அதனால் உள்ளே தொரோவாஸு என்னும் பருத்தி உள்கால்சட்டை அணிவார்கள். பனியே உடையின் விளிம்பைவிடச் சில சென்டிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் பார்வைக்கு நன்றாக இராது.

உங்கள் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். நல்ல பனியே இருந்தால் 8,000 யென் உடையும் நிமிர்ந்து நிற்கும். அது இல்லாவிட்டால் 40,000 யென் உடையும் வீட்டு அங்கிபோல் தொங்கும். பனியேவை மட்டும் புதிதாக வாங்குங்கள், ஏனெனில் பழையதில் விரிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

நிஷிகசாய்_மல்லி

அல்லி அக்கா, தாமரை அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. சென்டிமீட்டரில் அளந்துவிட்டேன்: மார்பு 92, இடுப்பு 79, தோள் 38, மேற்கை 31, முழங்கால் வரை 96. உடையில் ஷாரிங்கு இல்லை. பின்புறம் கட்டும் நாடாக்கள் அலங்காரத்துக்கானவை மட்டுமே. உள்தையலைப் பிரித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் துணி இருக்கிறது. பக்கத்தில் வேறு துணி கொடுத்து அகலமாக்கலாமா? அடுத்த மாதம் விடுமுறைக்கு மதுரை போகிறேன். எங்கள் தையற்காரர் எதையும் சரிசெய்துவிடுவார்.

ஒசாக்கா_அல்லி (பதில்)

தயவுசெய்து வெட்ட வேண்டாம். உள்தையல் முழுவதையும் விட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது நான்கைந்து சென்டிமீட்டர்தான். இடுப்புக்கு அது போதாது. பக்கத்தில் துணி கொடுத்தால் அச்சுப் படத்தின் தொடர்ச்சி அறுபடும். மேலும், திருத்தப்பட்ட உடை என்று குறிப்பிட வேண்டி வருவதால் மறுவிற்பனை மதிப்பும் பெரிதும் குறையும். நன்றாக வைத்திருக்கும் நிறுவன உடைக்கு ஏறக்குறைய வாங்கிய விலையே திரும்பக் கிடைப்பது இந்தத் துறையின் பெரிய நன்மை. பொறுமையாக அளவுகளை முழுமையாக எழுதி, கழுத்துப் பட்டைச் சீட்டின் படத்தையும் சேர்த்து விற்றுவிடுங்கள். உங்களுக்குச் சிறியதான இந்த உடைக்காகவே யாரோ ஒருத்தி காத்திருப்பாள்.

தையற்காரரின் கைத்திறனை வேறு ஒன்றுக்குப் பயன்படுத்துங்கள். ஜப்பானியச் சட்டைகளில் மார்பைவிடத் தோளும் மேற்கையும்தான் நமக்கு இறுக்கும். உங்கள் 31 சென்டிமீட்டர் மேற்கைக்குப் பல சட்டைகளில் கையைத் தூக்கவே முடியாது. வட்டக் கழுத்துப்பட்டையும் பஃப் கையும் வைத்த வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றை மதுரையில் தைத்துக்கொள்ளுங்கள். லேஸை மட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். நிப்போரி நிலையத்தை அடுத்த துணிக்கடைத் தெருவில் நல்ல பருத்தி லேஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பளபளக்கும் மெல்லிய நைலான் லேஸ் வேண்டாம். எவ்வளவு நல்ல தையலையும் அது மேடை வேடத்துக்கான உடைபோல் காட்டிவிடும்.

இப்போது கடைகள். தோக்கியோவில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து முதல் உடையை வாங்குவானேன்? ஹராஜுகுவின் லஃபோரே கட்டடத்தில் ஏஞ்செலிக் பிரிட்டி கடை இருக்கிறது. வாங்காவிட்டாலும் ஒருமுறை சென்று, ஷிச்சாகு ஷித்தே மோ ஈ தெசு கா (அணிந்து பார்க்கலாமா) என்று கேட்டுப் போட்டுப் பாருங்கள். முகப்பூச்சு துணியில் படாதிருக்க ஒரு மெல்லிய முகத்திரை தருவார்கள். தலையில் அதை மாட்டிக்கொண்டு உடையை நுழைக்க வேண்டும். புதிய ஜம்பர் ஸ்கர்ட் 30,000 யென்னைத் தாண்டும் என்பதால், உங்கள் அளவையும் விருப்பத்தையும் அங்கே அறிந்துகொண்டு, வாங்குவதைக் குளோசெட் சைல்ட் போன்ற பழைய உடைக் கடையில் வைத்துக்கொள்ளலாம். கறை, லேஸ் கிழிவு, குறையும் பாகங்கள் எல்லாம் அங்கே சீட்டில் எழுதப்பட்டிருக்கும். இணையத்தில் வுண்டர்வெல்ட் கடையையும் பாருங்கள்.

கவாசாகி_தாமரை (பதில்)

செயலிகளில் மீண்டும் தேடுவதாக இருந்தால் சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கடகானா என்னும் ஜப்பானிய எழுத்துமுறையில் லோலிதா என்று எழுதும்போது, நடுவில் வரும் நீட்டல் குறிக்குப் பதிலாகச் சிறிய இகர எழுத்தை இடுவது அணிபவர்களின் வழக்கம். அப்படித் தேடினால் தொடர்பற்ற, சில வேளை அருவருப்பான முடிவுகள் பெரிதும் நீங்கிவிடும். ஒரு நிறுவனத்தின் பெயரை அடுத்து ஃபூ என்று ஒலிக்கும், காற்று என்று பொருள்படும் சீன எழுத்து இருந்தால், அந்த நிறுவனப் பாணியில் வேறு யாரோ தைத்தது என்று பொருள். நிறுவனப் பெயரை மட்டும் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஒருவர் பெயருடன் செனியோ என்று தலைப்பில் இருந்தால் அது அவருக்காக ஒதுக்கப்பட்டது. அதை நாம் வாங்கக் கூடாது.

ஹலோவீன் காலத்தில் குவியும் பளபளப்பான சாட்டின் உடைகளையும் தவிர்த்துவிடுங்கள். முன்பக்கத்தோடு சேர்த்தே தைத்த வெள்ளை ஏப்ரனும், ஒற்றை அடுக்கு லேஸும், உள்துணி இல்லாத பாவாடையும் அவற்றின் அடையாளங்கள்.

பினாங்கு_செண்பகம் (பதில்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஜப்பானிய அளவுகள் ஒத்துவரவில்லை என்றால், தாவ்பாவ் என்னும் சீன இணையச் சந்தையில் விற்கும் சீனச் சிறு நிறுவனங்களையும் பாருங்கள்; நான் பெரும்பாலும் அவற்றைத்தான் வாங்குகிறேன். எஸ் முதல் எக்ஸ்எல் வரை தனித்தனி அளவுகளில் தைப்பார்கள், விலையும் குறைவு. ஆனால் முன்பதிவு முறைக்கு மிகுந்த பொறுமை வேண்டும். முதலில் முன்பணம் கட்ட வேண்டும், அது பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. தைத்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். பிறகு மீதிப்பணம் கேட்டு அறிவிப்பு வரும்போது குறித்த நாள்களுக்குள் கட்டாவிட்டால் முன்பணமும் போய்விடும். ஜப்பானிய நிறுவனங்களின் அச்சுப் படங்களை அப்படியே நகலெடுத்து விற்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவற்றை வாங்காதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படங்களை வரைந்தவர்களின் உழைப்பு அது. தமக்கென்று சொந்தமாக வரையும் சீன நிறுவனங்களே ஏராளமாக இருக்கின்றன.

நிஷிகசாய்_மல்லி

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழைய உடையை 9,000 யென்னுக்கு விற்றுவிட்டேன்; அனுப்பும் செலவு போக இழப்பு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறுதான். ஹராஜுகுவில் முகத்திரை மாட்டி மூன்று உடைகளைப் போட்டுப் பார்த்ததில், மிட்டாய் வண்ணங்கள் கொண்ட இனிப்புப் பாணியைவிட அடக்கமான கிளாசிக் பாணிதான் எனக்கு அமைகிறது என்பது தெளிவானது. பழைய உடைக் கடையில் இன்னசன்ட் வேர்ல்டின் கருநீல ஜம்பர் ஸ்கர்ட் ஒன்று, எல் அளவில், ஷாரிங்குடன், மார்பு 100 வரை விரிவது, 13,000 யென்னுக்குக் கிடைத்தது. விளிம்பில் வெள்ளை லேஸ். உள்பக்கம் ஒரு சிறிய கறை இருக்கிறது. பனியே புதிது. சட்டையை மதுரையில் தைத்துக்கொண்டேன்; தையற்காரர் நிப்போரி லேஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துப்பட்டைக்கு மட்டும் கையாலேயே தைத்துக் கொடுத்தார். வரும் ஞாயிறு முதன்முறையாக அணியப் போகிறேன். அதற்கு முன் அந்தக் கறைக்காக உடையைத் துவைக்கலாமா?

ஒசாக்கா_அல்லி (பதில்)

படித்தவுடன் மனம் நிறைந்தது, மல்லி. முழு உடையையும் இப்போது நனைக்க வேண்டாம். கருநீலம் வெள்ளை லேஸில் இறங்கினால் திரும்ப எடுப்பது மிகக் கடினம். கறையுள்ள இடத்தின் அடியில் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து, நடுநிலைச் சலவைத் திரவம் கலந்த குளிர்ந்த நீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. வெள்ளைத் துணியில் நீலம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, உலர்சலவைக் கடையில் லேஸைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். பனியேவை இன்றே பையிலிருந்து எடுத்து, இடுப்புப் பட்டை கீழே வரும்படி தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஞாயிறு காலைக்குள் மடிப்பெல்லாம் விரிந்துவிடும்.