ஆஸ்பத்திரி வாசலில் நர்சிங் மேன்மை ஃப்ளெக்ஸ்: யாருக்குப் பெருமை?

வேளிமலைக்காரன் (திங்கள், இரவு 9.40)

அம்மைக்கு இடுப்பெலும்பு முறிந்து நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தோம். பேர் வேண்டாம். வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ், நர்சிங்கில் மேன்மைச் சான்று வாங்கியிருக்கிறார்களாம். ஃப்ளெக்ஸில் முதலாளி படம் இருக்கிறது, டாக்டர்கள் படம் இருக்கிறது. ஒரு நர்ஸ் படம்கூட இல்லை.

மூன்றாம் மாடியில் ராத்திரி 22 பேருக்கு இரண்டு நர்ஸ் பிள்ளைகள்தான் டூட்டி. அம்மையைத் திருப்பிப் படுக்க வைத்தது நானும் வீட்டுக்காரியும். ஏழாம் நாள் முதுகுக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஓடி வந்து ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, அடுத்த பெல்லுக்கு ஓடினாள். அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

இந்த மாதிரிச் சான்றுக்கு அமெரிக்காவில் நர்ஸுகள் ஆராய்ச்சியும் செய்ய வேண்டுமாம், பக்கத்துக் கட்டில்காரர் மகள் சொன்னாள். ஆராய்ச்சி செய்ய நேரம் இருந்தால் ஆளைத் திருப்பிப் போடலாமே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட்டூட்டி (திங்கள், இரவு 11.15)

அண்ணாச்சி, ஆளைப் பார்த்தா கொடுக்காங்க, ஃபைலைப் பார்த்துல்லா கொடுக்காங்க. மார்த்தாண்டம் பக்கம் பதினாலு வருஷமா நர்ஸா இருக்கேன். நான் முன்னால வேலை பார்த்த ஒரு இடத்துல இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் ராத்திரி பூரா உக்காந்து மூணு மாசத்துப் பதிவேட்ட எழுதினோம். மை ஒரே நிறமா இருக்கக் கூடாதுன்னு நாலு பேனா மாத்தினோம். புது ஸ்கிரீன் துணி வந்துது, எங்கிருந்தோ ஆறு நர்ஸும் வந்தாங்க. சான்று வந்த மறு வாரம் ஆறு பேரையும் காணல. ஸ்கிரீன் துணி மட்டும் இருக்கு.

குழித்துறை டு ஹூஸ்டன் (செவ்வாய், காலை 7.05)

நைட்டூட்டி அக்கா சொல்வதை நம்புகிறேன், நானும் அந்த நாலு பேனா பிடித்தவள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டாம். நம் நாட்டில் ஆஸ்பத்திரிகளின் தரம் பார்க்கும் என்.ஏ.பி.எச். வாரியம் கொடுக்கும் நர்சிங் எக்ஸலன்ஸ் சான்று வேறு. அந்தப் பெண் சொன்னது மேக்னட் என்ற அமெரிக்கச் சான்று.

அது ஆரம்பித்த கதையே வேறு. அமெரிக்காவில் நர்ஸ் பஞ்சம் வந்த காலத்தில், சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் நர்ஸுகள் விட்டுப் போகாமல் இருப்பது ஏன் என்று தேடினார்கள். 163 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 41-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அறிக்கை வந்தது 1983-ல். காந்தம் மாதிரி ஆளை இழுத்து வைத்திருப்பதால் அந்தப் பெயர். சான்றாக முதலில் வாங்கியது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, 1994-ல். நாலு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

ஆராய்ச்சி என்றதும் மைக்ராஸ்கோப் நினைக்காதீர்கள். என் வார்டில் கீழே விழும் நோயாளிகள் எந்த நேரத்தில் விழுகிறார்கள் என்று நாங்களே குறித்து வைத்தோம். பாத்ரூம் போக எழும்பும் நேரம்தான் அதிகம். அதற்கு ஏற்றபடி ரவுண்ட்ஸ் நேரத்தை மாற்றினோம்.

தோவாளைப் பிச்சி (செவ்வாய், காலை 10.30)

ஹூஸ்டன் தங்கச்சிக்கு அங்கே எத்தனை நோயாளி? அதைச் சொல்லாமல் ரவுண்ட்ஸ் பற்றிப் பேசினால் எப்படி?

நான் நர்சிங் காலேஜில் பாடம் எடுத்தவள். நம் ஊர் நர்சிங் ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குத் தலைப்பு பெரும்பாலும் ஒரே அச்சுதான்: இன்னாரிடம் இன்ன நோய் பற்றிய அறிவில் திட்டமிட்ட கற்பித்தலின் விளைவு. முதலில் ஒரு கேள்வித்தாள், பிறகு ஃப்ளாஷ் கார்டு வைத்து ஒரு வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மார்க் கூடியிருக்கும். கூடாமல் எங்கே போகும், விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைத்தானே கேட்கிறோம்! கறுப்பு ரெக்ஸின் பைண்டிங்கில் தங்க எழுத்து போட்டு லைப்ரரியில் அடுக்கினால் வேலை முடிந்தது. இதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றால் வேளிமலைக்காரர் சொல்வதே சரி, திருப்பிப் போடுவது மேல்.

கணக்கு வாத்தி (செவ்வாய், மதியம் 1.20)

பிச்சி டீச்சர், கெட்ட ஆராய்ச்சியைக் காட்டி நல்லதையும் தள்ளுவது நியாயம் இல்லை. "ஆள் போதாது" என்று நீங்கள் கத்துவதற்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது? லிண்டா எய்கன் என்று ஒரு நர்ஸ். பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளின் கணக்கை எடுத்து 2002-ல் வெளியிட்டார். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் சாவதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அதற்கு முன்பு அது வெறும் புலம்பல், அதன் பிறகு எண்.

வேளிமலைக்காரருக்கு: உங்கள் அம்மைக்குத் தேய்த்த ஸ்பிரிட் விஷயமும் அப்படித்தான். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேய நர்ஸ் வயதானவர்களின் படுக்கைப்புண்ணை ஆராய்ந்து 1962-ல் எழுதினார். எதைத் தேய்க்கிறோம் என்பதைவிட நேரத்துக்குத் திருப்பிப் போடுவதே புண்ணைத் தடுக்கிறது என்று காட்டினார். 60 வருஷம் கழித்தும் இங்கே பவுடர் டப்பா.

தோவாளைப் பிச்சி (செவ்வாய், மதியம் 2.00)

அந்த 7 சதவீதம் நம் வார்டுக்குப் பொருந்துமா வாத்தியாரே? அங்கே பைஸ்டாண்டர் கிடையாது. இங்கே கஞ்சி கொடுப்பது, மூத்திரப் பையில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது, ட்ரிப் தீர்ந்தால் ஓடிப்போய்க் கூப்பிடுவது, திருப்பிப் போடுவது எல்லாம் வீட்டு ஆள். 22 பேருக்கு இரண்டு நர்ஸ் என்று எண்ணுகிறோம், கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் 22 பேரை எண்ணுவதே இல்லை. சம்பளம் இல்லாத இரண்டாவது ஷிஃப்ட் அது. அவர்கள் ஒரு நாள் வரவில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி நடக்கும்?

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி சாதாரண ஆஸ்பத்திரியில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ், கற்பிக்கும் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு ஒருவர். விதி இருக்கிறது. அதை அமல்படுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் மேன்மை பேசுவோம்.

கணக்கு வாத்தி (செவ்வாய், மதியம் 2.25)

நீங்கள் இப்போது சொன்னதுதான் டீச்சர் நல்ல ஆராய்ச்சித் தலைப்பு. பைஸ்டாண்டரின் வேலையை மணிக்கணக்கில் எழுதி யாராவது அளந்தால், உங்கள் ஐந்துக்கு ஒன்றைக் கேட்க அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

நெய்யூர் பேரன் (செவ்வாய், மாலை 6.50)

ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவில்தான் என்று பேசுகிறவர்களுக்கு. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் 1922-ல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்து, இங்கேயே தங்கிவிட்டார். நம் ஊரில் வயிற்றுப்புண் ஏன் இவ்வளவு என்று தேடி, சாப்பாட்டில், மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) சந்தேகப்பட்டார். அவரும் ஓர் (Orr) என்ற பெயருள்ள டாக்டரும் 2,500 அறுவை சிகிச்சைகளையும் 4,500 நோயாளிகளையும் வைத்து எழுதிய கட்டுரை 1936-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் வந்தது. குக்கிராமத்து ஆஸ்பத்திரி, கூட்டமோ கூட்டம். நேரமில்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

நைட்டூட்டி (செவ்வாய், இரவு 8.10)

2,500 பேர ராத்திரி முழிச்சிருந்து பார்த்த நர்ஸுகள் பேர் அந்தக் கட்டுரைத் தலைப்புக்குக் கீழ இருக்கா தம்பி? இரண்டு டாக்டர் பேரு நீங்களே சொல்லிட்டிய.

சரி, கோவத்த விட்டுச் சொல்லுதேன். நானும் ஒண்ணு எண்ணியிருக்கேன். கேஷுவாலிட்டியில அவசரத்துல குத்துன வென்ஃப்ளான் (ட்ரிப் ஏத்த கையில குத்தி வைக்கிற ஊசிக்குழாய்) வார்டுக்கு வந்து சீக்கிரமா வீங்குதுன்னு எனக்கொரு சந்தேகம். மூணு மாசம் காலண்டர் தாள் பின்பக்கம் குறிச்சேன்: குத்துன இடம், நாள், எந்தக் கை, எப்போ சிவந்துது. மடக்குற இடத்துல, முழங்கை பக்கம் குத்துனதுதான் கூடுதல். டாக்டர்ட்ட காட்டினேன். "இதெல்லாம் உனக்கெதுக்கு"ன்னாரு. ஆனா அடுத்த வாரத்துலருந்து பிளாஸ்டர் மேல தேதி எழுதணும்னு உத்தரவு வந்துது. யார் சொல்லி வந்துதுன்னு எழுதல. ஃப்ளெக்ஸ் அடிச்சா அதுக்கு அடிக்கணும்.

குழித்துறை டு ஹூஸ்டன் (புதன், காலை 6.30)

அக்கா, அந்தக் காலண்டர் தாள்தான் மேக்னட் கேட்கிற ஆராய்ச்சியின் விதை. இங்கே அதை எழுத எனக்கு டூட்டி நேரத்தில் மணி ஒதுக்குவார்கள், அறிக்கையில் என் பேரும் வரும். வித்தியாசம் அவ்வளவுதான். பிச்சி அக்கா கேட்டதற்கு: எனக்கு ஐந்து நோயாளி. ஒளிக்கவில்லை.

தோவாளைப் பிச்சி (புதன், காலை 9.15)

"அவ்வளவுதான்" என்று ஐந்தைக் கடைசியில் சொல்கிறாயே, அதுதான் முதலில் வர வேண்டியது! 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி அரசுச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்கணும், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வாத்தியார் என்ன எண்ணைக் காட்டினாலும் நான் மாறப்போவதில்லை. முதலில் ஆள், சம்பளம். அப்புறம் காலண்டர்.

வேளிமலைக்காரன் (புதன், இரவு 8.00)

அம்மையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சிவப்பு மங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் முதல் திருப்பிப் போடும் நேரத்தை வீட்டுக்காரி ஒரு பழைய நோட்டில் எழுதி வந்தாள், எந்தப் பக்கம் படுக்கவைத்தோம் என்பதோடு. நாலு பக்கம் இருக்கிறது. இது யாருக்காவது பிரயோஜனப்படுமா?

நைட்டூட்டி (புதன், இரவு 8.25)

போட்டோ எடுத்து அனுப்புங்க அண்ணாச்சி. பைஸ்டாண்டர் எழுதினதையெல்லாம் எங்க இன்சார்ஜ் பார்க்க மாட்டாங்க. ஆனாலும் அனுப்புங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுதியிருக்காங்களா?