எட்டு வீத வரியை என் தலையில் கட்டாதீர்கள்

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
நேற்று கொட்டாஞ்சேனைக்காரன் இங்கே எழுதியது இது: "எந்தக் கட்சியும் வேண்டாம் என்று சொல்பவன் எல்லாம் முன்னாள் ஜனாதிபதி ரணிலின் ஆள். வெளியே சொல்ல வெட்கம்." வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நான் சுதந்திரவாதி: என் உழைப்பிலும், என் வாயிலும், என் வீட்டு வாசலிலும் அரசாங்கம் முடிந்தவரை குறைவாகக் கைவைக்க வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு, எந்தக் கட்சி நிறத்தில் வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இலங்கையில் ஒரு கட்சிக்கோ கூட்டணிக்கோ அளவுக்கு மிஞ்சிய ஆசனங்கள் கிடைத்த ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது? 1970இல் கொடுத்தார்கள், 1972 அரசியலமைப்பு வந்தது. 1977இல் ஆறில் ஐந்து பங்கு கொடுத்தார்கள். 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 1982இல் பொதுத்தேர்தலே வைக்காமல், வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டினார்கள். 2020இல் மறுபடி கொடுத்தார்கள், ஒக்டோபரிலேயே ஜனாதிபதியின் பலத்தைக் கூட்டிய 20ஆவது திருத்தம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159. ஒவ்வொரு முறையும் கட்சிக்காரர் சொல்வது ஒன்றுதான்: "இந்த முறை வந்திருப்பவர்கள் நல்லவர்கள்." அந்தக் கதிரைக்கு ஏன் இவ்வளவு பலம் என்று கேட்டால், கேட்டவன் ரணிலின் ஆள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
வரலாற்றுப் பாடம் போதும். 2019 டிசம்பரில் ஜனாதிபதி கோட்டாபய வற் வரியை, அதாவது பொருட்கள் சேவைகள் மீதான பெறுமதி சேர் வரியை, 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார். வரி குறைய வேண்டும் என்பதுதானே உங்கள் வேதம்? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். உங்கள் கொள்கையை இந்த நாடு ஒரு தரம் அனுபவித்துவிட்டது. எங்களுக்குப் போதும்.

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
வரியைக் குறைத்தவர் செலவைக் குறைத்தாரா? பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் அரச வேலைக்கு எடுத்தார். போதாத பணத்தை மத்திய வங்கி அச்சடித்தது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார். வாகன இறக்குமதியை நிறுத்தினார், பால்மாவுக்கும் அரிசிக்கும் விலை கட்டினார். கமக்காரன் எந்த உரம் போட வேண்டும் என்பதை ஜனாதிபதி தீர்மானிப்பதுதான் சுதந்திரவாதமா? அந்த வார்த்தைக்குப் பொருள் தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
உரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. 15இலிருந்து 8. அது வரிக் குறைப்பா, இல்லையா?

பாமன்கடை ஆசிரியை:
தாராளவாதம் பேசுபவர்கள் எல்லோருமே கடைசியில் பணக்காரர் பக்கம்தான். ரணிலும் தாராளவாதிதானே. பெயர் எதுவானால் என்ன?

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
தாராளவாதி வேறு, சுதந்திரவாதி வேறு, ஆசிரியை. 2024 ஜனவரியில் வற் வரியை 18 வீதமாக உயர்த்தியவர் ரணில். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை அதே மாதம் 24ஆம் திகதி நிறைவேற்றியதும் அவருடைய அரசாங்கம். அவரை எப்படி என் தலைவராக்குகிறீர்கள்?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
நான் அரிசி விற்கிறேன். 2024 டிசம்பரில் இந்த அரசாங்கமும் நாட்டரிசிக்கு 230 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டது. ஆலையில் அந்த விலைக்கு மேல் வாங்கிவிட்டு இங்கே 230க்கு விற்றால் நட்டம், கூட்டி விற்றால் அதிகாரி வந்து வழக்குப் போடுவார். சில நாள் இறாக்கையை வெறுமையாக வைத்திருந்தேன். வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டினார்கள். கோட்டாபய செய்தால் பிழை, இவர்கள் செய்தால் சரியா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஆலை முதலாளிகள் பதுக்கினார்கள், அரசாங்கம் தலையிட்டது. முதலாளிக்கு வக்காலத்து வாங்க வேண்டாம், அண்ணா. சுதந்திரவாதி இன்னும் பதில் சொல்லவில்லை. எட்டு வீதம்.

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
பதில் சொல்லிவிட்டேன், நீங்கள் வாசிக்கவில்லை. செலவை வெட்டாமல் வரியை மட்டும் வெட்டினால் மிச்சத்தை அச்சு இயந்திரம் கட்டும். அந்தப் பணவீக்கமும் ஒரு வரிதான், பாராளுமன்றத்தில் வாக்கெடுக்காத வரி. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அம்மாவின் ஓய்வூதியத்தில் பாதி அதோடு கரைந்தது. அதைக் கண்ணால் பார்த்தவனிடம் வந்து "உன் கொள்கைதான் இது" என்கிறீர்கள். 2023இல்தான் மத்திய வங்கி அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நாங்கள் கேட்டது அதைத்தான்.

இன்னொன்று. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எதிர்த்து நீங்கள் எழுதிய பதிவுகளை நான் என் பக்கத்தில் பகிர்ந்தேன், நினைவிருக்கிறதா? ஆட்சி மாறிய பின் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து நம் பிள்ளைகளைத் தின்ற சட்டம். அதைப் பற்றியும் மௌனம். உங்கள் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது மட்டும்தான் உங்களுக்குச் சுதந்திரம் தேவைப்பட்டது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
யார் மௌனம்? 2022 ஜூலை 9, கோட்டாபயவை விரட்டிய போராட்டத்தில், நான் காலிமுகத்திடலில் கண்ணீர்ப்புகை குடித்தேன். நீங்கள் வெள்ளவத்தைப் பல்கனியிலிருந்து பேஸ்புக் லைவ் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
நானும் அங்கே நின்றேன். மகனோடு நடந்தே வந்தேன், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. ஒரு கட்சிக் கொடிக்குக் கீழே நிற்காததால் உங்கள் கண்ணில் படவில்லை.

பாமன்கடை ஆசிரியை:
சந்தையைத் திறந்துவிடு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1970இலிருந்து 77 வரை செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவதை அப்போதைய பிரதமர் சிறிமாவோ அம்மையார் கட்டுப்படுத்தினார். என் அப்பா கிளிநொச்சியில் மிளகாய் போட்டார். அந்த வருமானத்தில்தான் கல்வீடு எழும்பியது, நான் படித்தேன். 77க்குப் பிறகு ஜே.ஆர். ஜயவர்த்தன திறந்துவிட்டார், விலை விழுந்தது, அப்பா கடன்காரர் ஆனார். உங்கள் சுதந்திரச் சந்தை எங்களுக்குச் செய்தது அதுதான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஆசிரியை, உங்கள் அப்பா கல்வீடு கட்டிய அதே 1974இல் என் பாட்டி மலையகத் தோட்டத்தில் பட்டினி கிடந்தார். கூப்பனுக்குக் கொடுத்த பங்கீட்டு அரிசியை வெட்டினார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போகவும் தடை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் ஆட்கள் பசியில் செத்தார்கள். அந்த ஆட்சியைப் புகழ உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பாமன்கடை ஆசிரியை:
நான் ஆட்சியைப் புகழவில்லை, மிளகாயைப் பற்றிச் சொன்னேன். என் அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
இழுத்தது நீங்கள். எங்கள் பசியை எப்போதும் அடிக்குறிப்பாகத்தான் எழுதுவீர்கள்.

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
இரண்டு பேரும் என் பக்கத்துக்குத்தான் ஆதாரம் தருகிறீர்கள். கொழும்பில் ஒருவர் போட்ட கையெழுத்தில் கிளிநொச்சிக்கு வீடு, தோட்டத்துக்குப் பட்டினி. 1948இல் உங்கள் பாட்டியின் குடியுரிமையைப் பறித்ததும் பாராளுமன்றத்தில் போட்ட வாக்குகள்தான். அந்தப் பலத்தைக் குறைக்கச் சொன்னால் என்னைப் பணக்காரரின் ஆள் என்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
என் பாட்டியை உங்கள் கொள்கைக்கு விளம்பரமாக்க வேண்டாம். 1948இல் அரசாங்கம் பிழை செய்தது. அதற்காக இலவசப் பாடசாலையையும் இலவச ஆஸ்பத்திரியையும் மூட வேண்டுமா? என்னைப் படிக்கவைத்தது அரசாங்கப் பள்ளிக்கூடம். வரி இல்லாமல் அது எப்படி நடக்கும்? 15இலிருந்து 8. ஆமா, இல்லையா?

வெள்ளவத்தைச் சுதந்திரவாதி:
மூடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். நீங்கள் ஆதரிக்கும் அரசாங்கமும் பதவிக்கு வந்தபின் ரணில் போட்ட அதே 18 வீதத்தைத்தானே வசூலித்தது? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
முதலில் கேட்டது நான். எட்டு.

புறக்கோட்டைக் கடைக்காரன்:
அரிசி விலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பாமன்கடை ஆசிரியை:
என் அப்பாவைப் பற்றி எழுதியதை அழியுங்கள். அதுவரை இந்தப் பக்கம் வரமாட்டேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அழிக்க மாட்டேன்.