அப்பத்தாவுக்குச் சொல்ல அடுத்த கதை எது?

கானாடுகாத்தான் வாசகி:

கடந்த எட்டு மாதங்களாக மிகுபுனைவும் (ஃபேன்டசி) அறிவியல் புனைகதையுமாகவே படித்து வருகிறேன். இரவில் ஆங்கிலத்தில் படிப்பதை, மறுநாள் பகலில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூணோரம் அமர்ந்திருக்கும் என் அப்பத்தாவுக்குத் தமிழில் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவருக்கு வயது 84. பார்வை மங்கிவிட்டது, செவி மங்கவில்லை.

சூசன்னா கிளார்க் 2020-இல் எழுதி வெளியிட்ட ‘பிரானேசி’யை அவர் நான்கே நாளில் கேட்டு முடித்தார். முடிவின்றி நீளும் கூடங்கள், சுவரெல்லாம் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம், நடுவே தன்னந்தனியாக ஒருவன். இவற்றில் எதுவும் அவருக்கு வியப்பளிக்கவில்லை. முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லைவாசலுமாக நீண்டு, பாதி அறைகள் பூட்டியே கிடக்கும் வீட்டில் வாழ்பவருக்கு அது எப்படி வியப்பாகும்? “அத்தனை கூடத்தையும் யார் கூட்டுவது?” என்று மட்டும் கேட்டார். அங்கே கிடக்கும் எலும்புகளுக்கு அவன் உணவும் நீரும் பூவும் வைக்கிறான் என்றதும், முன்னோருக்குப் படையலிடும் நம் வீட்டுப் படைப்பை நினைத்துக்கொண்டவராக, “நல்ல பிள்ளை” என்றார்.

லியூ சிசினின் ‘மூன்று பொருள் சிக்கல்’ நாவலை (2015-இல் ஹியூகோ விருது பெற்றது) தயங்கித்தான் தொடங்கினேன். ஒரு கோளுக்கு மூன்று சூரியன்கள் என்றவுடன், “அப்படியானால் பஞ்சாங்கம் எப்படிக் கணிப்பார்கள்?” என்று கேட்டார். நாவலின் மையமே அதுதான். ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று விண்பொருள்களின் பாதையை நெடுங்காலத்திற்கு முன்கூட்டியே சொல்லும் பொதுச் சூத்திரம் கிடையாது. ஆகவே அவ்வுலகத்தாருக்கு நாளைய விடியலே உறுதியில்லை.

ஆனால் வரைபடமும் வம்ச அட்டவணையும் கொண்ட இரண்டு பெருந்தொடர்கள் மூன்றாம் நாளே நின்றுபோயின. படித்த எனக்கே அவற்றில் எதுவும் மனத்தில் தங்கவில்லை என்பதை, வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன். சில கற்பனை உலகங்கள் மட்டும் வளவுவரை வருவது ஏன்? அடுத்து எதைச் சொல்லலாம்?

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எர்த்சீ’ வரிசையின் முதல் நாவலைச் சொல்லுங்கள், சகோதரி. தீவுகளால் ஆன அவ்வுலகில் ஒவ்வொருவருக்கும் ஊரறிந்த பெயர் ஒன்றும் மெய்ப்பெயர் ஒன்றும் உண்டு. மெய்ப்பெயரை அறிந்தவர் ஒருவரை ஆட்டிவைக்கலாம் என்பதால், உயிருக்கு உயிரானவரிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். நாயகன் தன் செருக்கால் பெரும் பிழை செய்து, பிறர் முகம் பார்க்க நாணி ஒடுங்கியிருக்கும் வேளையில், நண்பன் தன் மெய்ப்பெயரைத் தானாகவே அவனிடம் சொல்லும் இடம் ஒன்று வரும். அந்நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுவே. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவரிடம்கூடக் கணவர் பெயரைச் சொல்லாமல், பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லவைத்த ஆச்சிமார்கள் நம்மிடையே இருந்தார்கள். உங்கள் அப்பத்தாவுக்கு இம்மந்திரத்தை விளக்கவே வேண்டியிராது. பெருந்தொடர்கள் நின்றுபோனதற்கும் காரணம் இதுவே என்பேன்: அவற்றில் மந்திரத்துக்கு விலை இல்லை, வீட்டுக்கு வழக்கம் இல்லை.

பள்ளத்தூர்க்காரர்:

ஜோ ஹால்டிமன் 1974-இல் வெளியிட்ட ‘முடிவற்ற போர்’ என் தேர்வு. ஒளிவேகத்தை நெருங்கிச் செல்லும் கலத்தில் காலம் மெதுவாக ஓடும் என்ற சார்பியல் உண்மைதான் கதையின் அடித்தளம். படைவீரனுக்குச் சில ஆண்டுகளே கழிய, பூமியில் நூற்றாண்டுகள் கடந்துவிடுகின்றன. திரும்பும்போது பேச்சும் பழக்கமும் மாறிப்போய், சொந்த மண்ணிலேயே அயலானாக நிற்கிறான். ஹால்டிமன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். என் ஐயா மூன்றாண்டுத் தவணைப் பணிக்கென்று பர்மாவுக்குப் போய், 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது கால்நடையாகக் கிளம்பி வந்தவர். அவர் வீடு சேர்ந்தபோது, விட்டுச் சென்ற கைக்குழந்தை அவரைக் கண்டு அழுதுகொண்டே ஓடியதாம். போர்க்களக் காட்சிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பகுதிகளைச் சுருக்காதீர்கள்.

காரைக்குடி வாசகர்:

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிய விரும்புகிறேன். வாய்மொழியாகச் சொல்ல வருவதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், நடையில் வாழும் நூல்களை இழந்துவிடுவோம். ‘பிரானேசி’யில் நாயகன் ஆண்டுகளுக்கு எண் இடுவதில்லை, தென்மேற்குக் கூடங்களுக்கு அல்பட்ராஸ் பறவை வந்த ஆண்டு என்று பெயரிட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதுகிறான். அந்தக் குறிப்பேட்டின் குரலே நாவல். சுருக்கிச் சொல்லும்போது முதலில் உதிர்வது அதுதான். ஆகவே நாளுக்கு ஒரு பக்கத்தையாவது வரிக்கு வரி மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுங்கள். கூடுதலாக ஒன்று: ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் எழுதிய ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’, பூமியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி அமைக்கும் பொறியாளரின் கதை. பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும் புவிநிலைச் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால், மின்தூக்கியின் அடியும் நிலநடுக்கோட்டில் அமைய வேண்டும் என்று தாம் வாழ்ந்த இலங்கையையே கதைக்காகத் தெற்கே நகர்த்தி வைத்தார் கிளார்க். கொழும்புச் செட்டியார் தெருவை அறிந்த குடும்பங்களில் இது உடனே எடுபடும்.

கானாடுகாத்தான் வாசகி:

மூவருக்கும் நன்றி. ‘எர்த்சீ’யைத் தொடங்கி, மெய்ப்பெயர் சொல்லும் பக்கத்தை முழுமையாக மொழிபெயர்த்து நேற்று வாசித்தேன். அந்த நண்பன் பின்னர் ஏமாற்றப்பட்டானா என்று அப்பத்தா கேட்டார், இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறந்த வீட்டில் தம்மை அழைத்த பெயரை என்னிடம் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அது எனக்குத் தெரியாது. இங்கும் அதை எழுதவில்லை. ஹால்டிமன் நூலைக் கேட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் கைக்கு வரும்.