களிமண் மாதிரியை மாற்றச் சொல்கிறார்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மண்கை:
ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு மார்பளவு வெண்கலச் சிலை செய்ய அவர் குடும்பத்தார் முன்பணம் கொடுத்தார்கள். தந்த போட்டோக்கள் எல்லாம் எழுபது வயதுக்கு மேல் எடுத்தவை. அந்த முகத்தையே களிமண்ணில் கொண்டுவந்தேன்: ஒட்டிய கன்னம், இடப்பக்கம் லேசாக இறங்கிய உதடு. இப்போது "கன்னத்தை நிரப்புங்க, நாற்பது வயசு மாதிரி இருக்கணும்" என்கிறார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான், தான் செய்த நாவலாசிரியர் பால்சாக்கின் சிலையை யாருக்கும் விற்காமல் வீட்டுக்கே கொண்டுபோனதைப் படித்ததிலிருந்து, பணத்தைத் திருப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வார்ப்புப்பட்டறை:
அவசரப்படாதீங்க தம்பி. 1891-இல் ஸோலா தலைவராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம்தான் ரோதானிடம் அந்த வேலையைக் கொடுத்தது. பால்சாக் இறந்து நாற்பது வருஷம் தாண்டியிருந்தது. ரோதான் அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் போய் அதே சாயலில் ஆள் தேடினார். பால்சாக்குக்குத் தைத்துக் கொடுத்த தையல்காரரையே கண்டுபிடித்து, பழைய அளவில் உடுப்பு தைத்து வாங்கினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், உடம்பு இல்லாத ஆளின் உடம்பை அளவெடுத்திருக்கிறார்!

தவணை தாண்டியது, சங்கம் நெருக்கியது. முன்பணமாக வாங்கிய 10,000 பிராங்கை 1894-இல் திருப்பி வைத்தார். கோபத்தில் செய்ததில்லை அது, வேலையை நிதானமாக முடிக்க அவகாசம் வேண்டியிருந்தது. 1898 கண்காட்சியில் பிளாஸ்டர் சிலையைப் பார்த்துவிட்டுச் சங்கம் ஏற்க மறுத்தது. அதை வாங்க நண்பர்கள் நன்கொடை திரட்டியும் விற்காமல், பாரிஸ் பக்கத்து மெதோனில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். அது வெண்கலமாகிப் பாரிஸ் தெருவில் நின்றது 1939-இல். அவர் 1917-லேயே இறந்துவிட்டார். அப்படிக் காத்திருக்க அவருக்குப் பெயரும் வேறு வேலைகளும் இருந்தன. நமக்கு அடுத்த மாத வாடகை இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மாதிரியை எங்கே வைத்துக் காட்டினீர்கள்? தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்தால் ஒட்டிய கன்னம் இன்னும் குழியாகத் தெரியும். பீட உயரத்துக்கு ஏற்றி, பகல் வெளிச்சத்தில், போட்டோவைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கல்வேலை:
அண்ணன் சொல்வது சரி. பீடத்தைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். பிரான்சின் கலே நகரத்துக்காக ரோதான் செய்த, அந்த ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் நிற்கும் சிலையில், முகம் சோர்ந்திருக்கிறது என்று குறை வந்தபோது அவர் மாற்றவில்லை. ஆனால் 1895-இல் அதை உயரமான பீடத்தில் ஏற்றி, சுற்றிலும் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். தாழ்வான பீடத்துக்கு இறங்கியது 1924-இல்தான். உயரம், இடம் எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மண்கை:
ட்யூப்லைட்டுக்கு அடியில்தான் காட்டினேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வைத்துக் காட்டுகிறேன். அப்புறமும் நாற்பது வயதுதான் வேண்டும் என்றால், அந்த வயதுப் போட்டோவும் புது மாதிரிக்குத் தனிக் கூலியும் கேட்பேன். இந்த முகத்தில் கை வைக்க மாட்டேன்.