அரசுமுறை: தூதுறவில் 'புரோட்டோகால்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அரசுகள் ஒன்றோடொன்று பழகும் ஒழுங்கான 'புரோட்டோகால்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் நான் வாய் திறக்கவில்லை. பள்ளிப்பட்டில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தறி நின்றால்தான் எனக்கு யோசனை ஓடும். இன்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், மாலைவரை வராதாம். ஆகவே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> புத்தூர் நண்பர்: "'நெறிமுறை' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. இருப்பதை விட்டுப் பறப்பதற்கு எதற்கு ஆசைப்பட வேண்டும்?"

இருக்கிறது ஐயா, ஆனால் அது ஏற்கெனவே நாலு வீட்டில் வேலை பார்க்கிறது. இரண்டு கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் விதியும் நெறிமுறை. மருத்துவமனையில் சிகிச்சை தரும் ஒழுங்கும் நெறிமுறை. 2020இல் ஊரே முகக்கவசத்தோடு திரிந்தபோது அதுவும் நெறிமுறை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் அதே பெயர். இவையெல்லாம்கூடப் போகட்டும். அறம், நேர்மை என்ற பொருளிலும் நாளிதழ்கள் அதே சொல்லைத்தான் புழங்குகின்றன. "தூதர் நெறிமுறையை மீறினார்" என்று தலைப்பு வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? கையூட்டு வாங்கினார் என்றுதான். அந்த மனிதர் செய்ததெல்லாம் தனக்குரிய நாற்காலிக்கு இரண்டு நாற்காலி முன்னே போய் உட்கார்ந்ததாக இருக்கலாம். இந்த இரண்டு குற்றத்துக்கும் ஒரே சொல் என்றால் அது கலைச்சொல் அல்ல.

மூலச்சொல்லின் வேரிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிரேக்கத்தில் அதற்கு 'முதலில் ஒட்டியது' என்று பொருள். பாப்பிரஸ் சுருளின் தலைப்பில் ஒட்டிய முதல் தாள். அதிலிருந்து ஆவணத்துக்கும், ஆவணம் எழுதும் ஒழுங்குக்கும், அரசுகள் ஒன்றோடொன்று பழகும் ஒழுங்குக்கும் சொல் நகர்ந்திருக்கிறது. பசையிலிருந்து பிறந்த சொல்லை அப்படியே பெயர்த்தால் நமக்கு 'முன்னொட்டு' கிடைக்கும். இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வேரை விடுவோம், வேலையைப் பார்ப்போம். 1661இல் லண்டனில் ஸ்வீடனின் புதிய தூதரை வரவேற்கும் ஊர்வலம். அவர் வண்டியை ஒட்டி யாருடைய வண்டி போவது என்று பிரான்ஸ் தூதரின் ஆட்களும் ஸ்பெயின் தூதரின் ஆட்களும் நடுத்தெருவில் வெட்டிக்கொண்டார்கள். குதிரைகள் செத்தன, மனிதர்களும் செத்தார்கள். பதினான்காம் லூயி போருக்கே கிளம்பிவிடுவான் போலிருந்தது. ஸ்பெயினின் தூதர்கள் இனிப் பிரான்ஸ் தூதரோடு முந்தப் போட்டியிட மாட்டார்கள் என்று மறு ஆண்டு சொல்லவைத்த பிறகுதான் அடங்கினான்.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீமிதித் திருவிழாவில் முதல் தாம்பூலம் எந்தத் தெருவுக்கு என்ற தகராறில் கூத்து பாதியில் நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வெற்றிலைக்கு என்ன விலை? ஆனால் வாங்கும் கையைத்தானே ஊர் பார்க்கிறது.

இந்தத் தலைவலிக்கு 1815இல் வியன்னாவில் கூடிய நாடுகள் ஒரு மருந்து கண்டுபிடித்தன. ஒரே நிலையிலுள்ள தூதர்களுக்குள் யார் தம் வருகையை முதலில் முறைப்படி அறிவித்தாரோ அவருக்கே முன்னிடம். யாருடைய அரியணை பழையது, யாருடைய படை பெரியது என்ற பேச்சே கிடையாது. 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: பொறுப்பேற்ற நாளும் நேரமும்தான் அளவு. 'நேரமும்' என்பதைக் கவனியுங்கள். இரண்டு தூதர்கள் ஒரே நாளில் வந்து இறங்கினாலும் சண்டைக்கு இடம் வைக்கவில்லை. போப்பின் தூதருக்கு முதலிடம் தரும் வழக்கமுள்ள நாடுகள் அதைத் தொடரலாம் என்ற ஒரு விலக்கு மட்டும் உண்டு. மற்றபடி கையகல நாட்டின் தூதர் ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் வல்லரசின் தூதர் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நம் நாட்டில் இந்த ஒப்பந்தத்துக்கு 1972இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

> பாலக்காட்டு அம்மா: "'மரபுமுறை' போதுமே. இங்கே மலையாளத்தில் மரியாதைக் குண்டு முழக்கத்தை 'ஆசாரவெடி' என்கிறார்கள். ஆசாரம், மரபு எல்லாம் ஒரே குடும்பம்தான்."

அம்மா, ஆசாரவெடியை அப்படியே தூக்கிக்கொள்ள எனக்கும் ஆசை. குடியரசுத் தலைவர் மாளிகையில் வேற்று நாட்டு அதிபருக்கு 21, பிரதமருக்கு 19 என்று எண்ணி முழக்குவதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் மரபு என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. நாள் பார்த்து முன்னிடம் தரும் விதி மரபை மீறிப் பிறந்தது. 'என் அரசகுலம் பழையது, ஆகவே நான் முன்னே' என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் மரபு. அதை ஒழித்த ஏற்பாட்டுக்கு மரபின் பெயரையே சூட்டுவது நன்றாக இல்லை.

> சென்னைத் தம்பி: "'மரியாதைமுறை' என்று எளிமையாக வைத்துவிடலாமா?"

எளிமைதான் தம்பி. ஆனால் மரியாதை இல்லாத இடத்தில்தான் இதற்கு அதிக வேலை. இரண்டு நாடுகளுக்குள் போரே மூண்டாலும் எதிரி நாட்டுத் தூதர் பத்திரமாக வெளியேற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தத்தின் 44ஆம் பிரிவு. அங்கே யாருக்கு யார் மேல் மரியாதை? தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவிப்பதும் இதற்குள் அடங்கியதுதான். வியட்நாம் போரை நிறுத்தப் பாரிசில் பேச வந்தவர்கள் 1968இன் கடைசியிலிருந்து 1969 ஜனவரி வரை மேசையின் வடிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தென் வியட்நாம் அரசு, கெரில்லாக்களின் தேசிய விடுதலை முன்னணியைத் தனித் தரப்பாக ஏற்க மறுத்தது. நாலு பக்க மேசை போட்டால் நாலு தரப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் ஒரு வட்ட மேசையும் அதன் இருபுறம் எழுத்தர்களுக்கு இரண்டு நீள்சதுர மேசைகளும் போட்டார்கள். இரண்டு தரப்பு என்பவர் இரண்டாக எண்ணிக்கொள்ளலாம், நாலு என்பவர் நாலாக எண்ணிக்கொள்ளலாம். இந்தத் தச்சுவேலையை மரியாதை என்று எப்படிச் சொல்வது?

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. என் மகளின் சம்பந்தி வீடு நகரிப் பக்கம், தெலுங்கு பேசுபவர்கள். திருமண அழைப்பிதழில் தமிழ் மேலேயா, தெலுங்கு மேலேயா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அச்சகத்துக்காரர்தான் வழி சொன்னார்: இரண்டு வகையாக அடியுங்கள். எங்கள் உறவினருக்குப் போகும் இதழில் தமிழ் மேலே, மணமகள் பெயர் முதலில். அவர்கள் உறவினருக்குப் போவதில் தெலுங்கு மேலே, மணமகன் பெயர் முதலில். எல்லாருக்கும் திருப்தி. நாடுகள் ஒப்பந்தம் எழுதும்போது செய்வதும் இதுவேதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாடும் தான் வைத்துக்கொள்ளும் படியில் தன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும், கையெழுத்தும் அதில் அதற்கே முதலிடம். இந்த ஏற்பாட்டுக்கு 'மாறுமுதன்மை' என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் குறித்துவைக்கிறேன், பிறகு அடித்துக்கொள்வோம்.

சரி, என்ன சொல்லலாம்? முதலில் எனக்குத் தோன்றியது 'வரிசை'. "பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின் அதுநோக்கி வாழ்வார் பலர்" என்கிறது குறள். எல்லாரையும் ஒன்றுபோல் பார்க்காமல் அவரவர் தகுதி பார்த்து நடத்துவதுதான் அங்கே வரிசை. கல்யாணத்தில் சீர்வரிசை என்கிறோமே, அதில் இன்னும் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனை வழியனுப்ப ஏழடி பின்னால் நடக்கிறான். ஆறல்ல, எட்டல்ல. எண்ணிவைத்த மரியாதை என்பது நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன். ஆனால் இன்றைய தமிழில் வரிசை ரேஷன் கடை வாசலில் நிற்கிறது. 'வரிசைமுறை அலுவலர்' என்று ஒருவருக்குப் பதவி கொடுத்தால் கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர் என்று நினைப்பார்கள்.

எங்கள் எல்லைப்புறத்தில் 'புரோட்டோகால்' தெரியாத குழந்தை கிடையாது, திருமலையின் புண்ணியம். வைகுண்ட ஏகாதசி போன்ற கூட்ட நாள்களில், நேரில் வரும் புரோட்டோகால் பிரமுகர்களுக்கு மட்டுமே பிரேக் தரிசனம் என்று தேவஸ்தானம் அறிவிக்கும். ஊரில் பலர் அதைச் சிபாரிசு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிபாரிசுக்கு ஆள் வேண்டும், புரோட்டோகாலுக்குப் பதவி வேண்டும். பதவி போன மறுநாள் அந்த வாசல் மூடிவிடும். ஆளுநரோ நீதிபதியோ வந்தால் மகாதுவாரத்தில் எதிர்கொண்டு அழைக்கும் மரியாதைக்கு அங்கே 'இஸ்திகபால்' என்று பெயர். வரவேற்பைக் குறிக்கும் உருதுச் சொல், பெருமாள் கோயில் வாசலில் நிலைத்துவிட்டது. சொல் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வேலை செய்தால் உட்கார்ந்துவிடும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம்.

பதவி என்றேனே, அதற்கும் எல்லை உண்டு. 1979இல் வெளியான நம் நாட்டு முன்னிடப் பட்டியலில் ஆளுநர் தம் மாநிலத்துக்குள் 4ஆம் இடம், முதலமைச்சர் தம் மாநிலத்துக்குள் 7ஆம் இடம். வெளி மாநிலத்தில் இருவருமே 8. அதாவது நம் ஆளுநர் காரில் பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்த கணத்தில் நாலு படி இறங்கிவிடுகிறார், அவர் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வெளிநாட்டுத் தூதர்களுக்கும் அதே 8ஆம் இடம்தான். இந்தப் பட்டியல் அரசு விழாக்களுக்கு மட்டும்தான், அன்றாட அரசுப் பணிக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதிகாரம் வேறு, இந்த வரிசை வேறு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நமக்குத் தேவையான சொல் நாளிதழில் தினமும் கண்ணெதிரே கிடக்கிறது. "அரசுமுறைப் பயணமாக டெல்லி வந்தார்." அந்த 'அரசுமுறை'தான். இப்போது அது பயணத்துக்கு மட்டும் அடைமொழியாக நிற்கிறது. அதை எழுப்பித் தனிப் பெயராக்குவோம் என்பதே என் முன்மொழிவு. 'முறை' என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. முறைப்படி அழைக்கவில்லை என்றால் அழைக்காமலே விட்டதற்குச் சமம் என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? அந்த முறை. யாருடைய முறை என்பதற்கு 'அரசு' விடை சொல்லிவிடுகிறது, ஆளுக்கல்ல, பதவிக்கு என்று.

புழக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். அரசுமுறைப் பிரிவு. அரசுமுறை அலுவலர். 'விருந்தில் இருக்கை மாறியது அரசுமுறைப் பிழை.' 'பிரதமரே விமான நிலையத்துக்குப் போய் வரவேற்றது அரசுமுறைக்கு அப்பாற்பட்ட நட்பு.' திருமலைக்கும் 'அரசுமுறை தரிசனம்' பொருந்துகிறது. கடைசி வாக்கியத்துக்கு முந்தியது எனக்குப் பிடித்தது. முறையைத் தாண்டினால்தானே நட்பு தெரியும்.

பள்ளிப்பட்டிலிருந்து

மறுமொழி: புத்தூரிலிருந்து

ஐயா, நெறிமுறையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நாற்காலி எடுத்துக்காட்டு என்னை மடக்கிவிட்டது. ஆனால் 'முடியாட்சி ஓர் அரசுமுறை' என்று பள்ளிப் பாடத்தில் எழுதினால்? குழப்பம் வராதா? தெலுங்கில் தூதுறவை 'தௌத்யம்' என்கிறோம், தூதனிலிருந்து வந்தது. அந்த வழியில் 'தூதுமுறை' என்றால் இன்னும் கூர்மையாக இருக்குமே.

மறுமொழி: பாலக்காட்டிலிருந்து

தூதுமுறை வேண்டாம். ஆளுநரும் முதலமைச்சரும் ஒரே மேடையில் ஏறும்போது யார் தூது வந்தார்கள்? மலையாளத்தில் தூதுறவை 'நயதந்திரம்' என்பார்கள். தந்திரம் என்ற சொல்லே வேறு வாசனை அடிக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். அரசுமுறைக்கு என் ஓட்டு. ஆனால் அந்த 1979 பட்டியலுக்கு மட்டும் 'வரிசை'யைக் கைவிடாதீர்கள். 'அரசுமுறை வரிசை' என்றால் ரேஷன் கடை நினைவு வராது.

மறுமொழி: பள்ளிப்பட்டிலிருந்து

அம்மா சொன்னதை ஏற்கிறேன், 'அரசுமுறை வரிசை' என்றே பட்டியலில் ஏற்றிவிடுவோம். புத்தூராருக்கு: முடியாட்சி, குடியாட்சி எல்லாவற்றிலும் ஆட்சி இருப்பதால் அவற்றின் பொதுப்பெயர் 'ஆட்சிமுறை' என்றே இருக்கட்டும். உடன்படிக்கை என்ற பொருளில் வரும் மாண்ட்ரியல், கியோட்டோ வகையறாவுக்கு இந்தச் சொல் செல்லாது, அங்கே 'துணை உடன்படிக்கை'.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஒரு நாடு தூதரை நியமிக்கும் முன் அவர் பெயரை மற்ற நாட்டுக்குச் சொல்லி, சம்மதமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்க நேரே போகாமல் முதலில் பொதுவான ஒருவரை அனுப்பி நாடி பார்ப்பது போல. இதற்குப் பிரெஞ்சிலிருந்து வந்த 'அக்ரெமாங்' என்ற சொல்லையே எல்லாரும் புழங்குகிறார்கள். 'முன்னிசைவு' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள். இந்த மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும்.