பருத்தித் தொப்பி பத்து நாளில் தளர்ந்துவிடுகிறது, என்ன செய்வது?

நூல்கண்டு:
வணக்கம். ஒரு வருடமாகக் கையால் தொப்பி பின்னுகிறேன். செயற்கை இழையே வேண்டாம் என்று பருத்தி நூல் மட்டும்தான். சும்மா கொடுத்த வரைக்கும் எல்லோரும் பாராட்டினார்கள். விற்க ஆரம்பித்ததும் மூன்று பேர் ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: முதல் நாள் கச்சிதம், பத்து நாளில் புருவத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒருவர் படமே அனுப்பியிருந்தார், தொப்பிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிகிறது. 56 செ.மீ. தலைக்கு 56 செ.மீ. சுற்றளவில்தான் பின்னினேன், 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம்), மொத்தம் 112. எங்கே தப்பு? இன்னொன்று, நூல் விலையை மூன்றால் பெருக்கி விலை வை என்றார்கள், அப்படியே வைத்தேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை.

ஊசிமுனை:
தலை அளவுக்கே பின்னியதுதான் தப்பு. பின்னல் துணி நீளும், அதனால் தொப்பி தலையை விட 5 முதல் 8 செ.மீ. வரை சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிடித்து நிற்கும். உங்கள் கேஜுக்கு, அதாவது 10 செ.மீ.க்கு 20 என்ற அந்தக் கணக்குக்கு, 96 கண்ணி போடுங்கள், 48 செ.மீ. வரும். இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் பின்னும் ரிப்புக்கும், அதாவது விளிம்பில் வரும் நீளும் பட்டைக்கும், அது சரியாக வகுபடும், உச்சியில் எட்டுப் பாகமாகக் குறைக்கவும் வசதி. உடல் பகுதிக்கு 4 மி.மீ. ஊசி என்றால் ரிப்புக்கு 3.25 எடுங்கள்.

மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளந்தீர்களா? பலர் ஊசியிலிருந்து இறக்கியதுமே அளந்துவிடுகிறார்கள். துவைத்தபின் 20 என்பது 18 ஆனால், அதே 96 கண்ணி 53 செ.மீ. ஆகிவிடும், போட்ட கணக்கெல்லாம் வீண்.

ஆட்டுரோமம்:
ஊசிமுனை சொன்னது எல்லாம் சரி, ஆனால் பருத்தியை வைத்துக்கொண்டு எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஓரளவுக்குத்தான். கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் உண்டு, இழுத்து விட்டால் திரும்பி வரும். பருத்திக்கு அந்தக் குணமே கிடையாது, இழுத்தால் இழுத்தபடி நிற்கும். அல்பாகா என்ற விலங்கின் ரோமத்திலும் சுருள் குறைவு, மெத்தென்று இருக்கும், நாளாக ஆகத் தொங்கும். பாதி பருத்தி பாதி கம்பளி கலந்த நூல் முயன்று பாருங்கள். நெற்றியில் குத்துமே என்று பயந்தால் மெரினோ ஆட்டுக் கம்பளி எடுங்கள், இழை மெல்லியது.

மூங்கில் நூல் பக்கம் போகாதீர்கள். பெரும்பாலும் அது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான், அதை இயற்கை இழை என்று எழுதி விற்றால் பின்னால் பதில் சொல்ல வேண்டிவரும்.

கணக்குப்பிள்ளை:
விலைக்கு வருகிறேன். மூன்றால் பெருக்குவது தொப்பிக்கு ஒத்தே வராது, ஏனென்றால் இதில் நூல் ஒரு கண்டு, உழைப்போ ஆறு மணி நேரம். ஒரு தொப்பிக்குக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். கண்ணி போட்டது முதல் நுனி நூலைச் செருகி, துவைத்து, படம் எடுத்து, பொட்டலம் கட்டுவது வரை. அந்த நேரத்துக்கு ஒரு கூலி, மேலே நூல், லேபிள், தபால் எல்லாம் சேர்த்தால் வருவது அடக்கம்தான். லாபம் அதற்கு மேல். தொகை அதிகமாகத் தெரிந்தால் கூலியில் கை வைக்காதீர்கள், டிசைனை மாற்றுங்கள். தடித்த நூலும் 8 மி.மீ. ஊசியும் எடுத்தால் நேரம் பாதிக்குக் கீழே வந்துவிடும். கேபிள் டிசைனை (கயிறு முறுக்கியது போல் வருவது) ஆர்டர் வந்தால் மட்டும் பின்னுங்கள், நானும் ஆசைப்பட்டு ஒரு டஜன் பின்னி வைத்துவிட்டு இப்போது சொந்தக்காரர்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தவர் எழுதிய பேட்டர்னை (பின்னல் குறிப்பை) வைத்துப் பின்னி விற்பதென்றால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. மாதிரித் துண்டைத் துவைத்துப் பார்த்தேன், 18தான் வருகிறது. அதாவது என் தொப்பி 56 இல்லை, 62! நேரத்தையும் எழுதிப் பார்த்தேன், ஏழே கால் மணி, விலையைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை. ஏற்கெனவே பின்னி வைத்திருக்கும் ஒன்பது தொப்பிகளை என்ன செய்ய, முழுக்கப் பிரிப்பதா?

ஊசிமுனை:
அய்யோ, வேண்டாம். கீழிருந்து மேலே பின்னியதுதானே? ரிப்புக்கு மேல் வரிசையில் ஒரு இழையை வெட்டி ரிப்பை மட்டும் கழற்றுங்கள், 112 கண்ணியையும் சின்ன ஊசியில் ஏற்றுங்கள். முதல் சுற்றில் ஐந்து கண்ணி பின்னி அடுத்த இரண்டைச் சேர்த்துப் பின்னுங்கள், சுற்று முடியும்போது 96 இருக்கும். சின்ன ஊசியில் ரிப் இறுகி வரும் என்பதால் முன்பு சொன்ன 53 செ.மீ. அளவுக்குப் போகாது. அங்கிருந்து கீழ்நோக்கி ரிப், மடிப்பதற்கும் சேர்த்து நீளமாக விடுங்கள். உச்சி கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், நெற்றியில் பிடித்துவிட்டால் அதையே ஒரு ஸ்டைல் என்று விற்கலாம். கடைசி வரிசையை மட்டும் இறுக்கி முடித்துவிடாதீர்கள், அப்புறம் தலையே உள்ளே போகாது.